காய்ந்துபோன போர் காலியாகத்தான் இருக்கிறது

மகனை வெளியூர் வேலைக்கு அனுப்பிய மறுநாள், கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். யார் பேச்சையும் ஒட்டுக்கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். முன் சீட்டில் ஓர் அப்பாவும், பெரிய பெட்டியோடு அவர் மகளும்.

"ஃபேக்டரிப் புகையில புடிச்சு பூமிக்குள்ள பொதைக்க எடம் தேடுறியே, அந்த கார்பன் டை ஆக்சைடை நம்ம காஞ்ச போர்வெல்லயே வுட்டுடும்மா. ஆயிரம் அடி, சும்மாதான கெடக்குது?"

என் முடிவு அத்தோடு சரி.

"ஓட்டை இருந்தா போதுமாப்பா? பாறைக்குள்ள ஸ்பாஞ்சு மாதிரி துளைங்க இருக்கணும். மேல மூடி மாதிரி கெட்டிப் பாறை இருக்கணும். அப்பதான் கேஸ் உள்ளயே தங்கும். நம்மூர்ல பூரா கெட்டிக் கல்லு."

"நீ சரியா பாக்கல."

"துளை இருந்திருந்தா போர்ல தண்ணி வந்திருக்குமில்ல? புழுதிதான வந்துச்சு!"

"ஆமா, புழுதிக்கு மட்டும் கம்மியே இல்ல." சிரித்தவர் மெதுவாகக் கேட்டார்: "இங்கயே எடம் கெடைச்சா நீ வேலைக்கு குஜராத் போவ வேணாமில்ல?"

கருங்கல்லுக்கும் களிமண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத நான், நம்மூர்ப் பாறையில் எங்காவது ஒரு துளை இருக்கக் கூடாதா என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டிருந்தேன். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டில் பெட்டியை இறக்கிக் கொடுத்தபடி அவர் சொன்னார்: "மூடி நல்லா இருக்கிற எடமா பாரும்மா. உள்ள வெச்சது வெளிய வந்துடப் போவுது."

"அது வராது. நீ மொதல்ல கண்ணைத் தொடைப்பா."

எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன்.