ரத்தம் எடுத்த பிறகுதான்

விடிகாலை நாலு மணி. ரோஜென் கணவாய்ச் சாலை. பனி... பனி... வேறு எதுவும் இல்லை. ராங்கெல் தன் பழைய காரில் தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தான்.

சிரிக்காதே வெலிச்கோ, கதவைச் சாத்து. இது நம் ஆம்புலன்ஸ் கோலியோவின் அக்கா தோத்காவுக்கு நடந்தது. ரத்தம் எடுக்கும் நர்ஸ். கதை கட்டத் தெரியாதவள்.

ராங்கெல் சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டுபவன். மூளைக்கு அடியில், பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டியை மூக்கு வழியாக எடுத்து ஆறு வாரம். அன்றிலிருந்து மாத்திரையில்தான் நடமாட்டம். கார்டிசோல் என்ற உயிர்காக்கும் ஹார்மோனை உடம்பு தானே சுரக்கிறதா என்று காலை எட்டு மணி ரத்தத்தில் பார்ப்பார்கள். சுரந்தால் மாத்திரை வேண்டாம், மறுபடி வண்டி ஏறலாம். பாவம், அதற்காக ஏங்கிக் கிடந்தான்.

முந்தின நாள் தோத்கா போனில் கண்டிப்பாகச் சொன்னாள். "மத்தியானத்தோட மாத்திரையை நிறுத்திடுங்கண்ணே. நாளைக்கு நான் ரத்தம் எடுத்த பிறகுதான் போடணும்."

"நீ சொல்லாம வாயில வைக்க மாட்டேன், தங்கச்சி."

உடம்புக்கு முடியாமல் போனால் உடனே போட்டுக்கொள்ளுங்கள்... அதைச் சொல்ல மறந்துவிட்டாள்.

சரியாக எட்டு. கதவு கிரீச்சிட்டது. ராங்கெல். ஈரக் கம்பளி வாடை, டீசல் வாடை. கையை நீட்டினான். கை... ஐஸ். மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வந்தது, கறுப்பாக. பிளாஸ்டர் தீர்ந்திருந்தது. குழந்தைகளுக்கு ஒட்டும் வாத்துப் படம் போட்டதை ஒட்டினாள்.

"இப்பப் போடலாமா, தங்கச்சி?" குரல் குழறியது. உள்ளங்கையில் மாத்திரை.

"போடுங்கண்ணே, போடுங்க."

தண்ணீர் பிடிக்கத் திரும்பினாள். திரும்பிப் பார்த்தால்... ஆள் இல்லை. தரையில் ஈரம்கூட இல்லை.

மத்தியானம் அவன் மனைவி மின்கா போன் செய்தாள். கணவாயில் கார் பனியில் புதைந்துவிட்டதாம். வழி திறக்க வண்டி இருந்தது, ஓட்டத்தான் ஆள் இல்லை. ஓட்டுகிறவன் காருக்குள்ளேயல்லவா கிடந்தான்! காலை ஏழு மணிக்கே உயிர் போய்விட்டது என்றாராம் டாக்டர்.

"ராத்திரியே காய்ச்சல், வாந்தி. மாத்திரையைப் போடுங்கன்னு கெஞ்சினேன். தோத்கா இன்னும் சொல்லலைன்னுட்டார், தங்கச்சி... போட்டிருந்தா பிழைச்சிருப்பாராமே!"

 

மின்கா மூக்கை உறிஞ்சினாள்.

"நாக்குல மாத்திரை கரையாம அப்படியே இருந்துச்சு. இன்னொண்ணு... தனியாத்தானே போனாரு? அவர் கையில வாத்துப் படம் யார் ஒட்டினது?"