தண்ணீரை ஃபெயிலாக்கிய மேடம்

பட்டுக்கோட்டையிலிருந்து முத்துப்பேட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஊர்த் தண்ணிய ஃபெயிலாக்கினீங்களே, அதுக்கு ரொம்ப நன்றி மேடம்."

சொன்னவர் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியின் ஆபரேட்டர். பர்தா அணிந்த மற்றவருக்குத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"இனிமே தெருக்குழாய்த் தண்ணியையும் டெஸ்ட் பண்ணணும்னு புது விதி வருதுன்னாங்க. தொட்டியில ப்ளீச்சிங் பவுடர் போட்டா என் வேலை முடிஞ்சுதுன்னு இருந்தவ நான். பயந்துபோய்தான் தெருத்தெருவாத் தண்ணி புடிச்சு முன்னாடியே உங்ககிட்ட கொண்டாந்தேன்."

"தொட்டித் தண்ணி நல்லாத்தான் இருந்துச்சுக்கா. கடைசித் தெருவுலதான் கிருமி."

"ஆமா. நீங்க சொன்னபடி அங்க தோண்டிப் பாத்தோம். சாக்கடைக்கு அடியில குழாய் விரிஞ்சு கெடந்துச்சு. அந்தத் தெருப் புள்ளைங்களுக்கு அடிக்கடி வயித்தால போகும். வெயில் சூடுன்னே நெனச்சிருந்தோம் மேடம். குழாய மாத்துனப்புறம் ஒரு புள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போகல."

பர்தா அணிந்தவர் ஆபரேட்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புது விதிப்படி அதிகாரிங்க வந்து டெஸ்ட் எடுத்தாங்களே, என்னாச்சு?"

"எல்லாத் தெருவும் பாஸ். ஆனா பக்கத்து ஊர் ஆபரேட்டர் அண்ணன் ஃபெயிலாகிடும்னு பயந்துக்கிட்டு உங்ககிட்ட டெஸ்டுக்கே வரமாட்டேங்கிறார்."

"எங்ககிட்ட இப்பவே ஃபெயிலாகட்டும்க்கா. அதிகாரிங்க வர்றதுக்குள்ள சரிபண்ண நாள் இருக்கு."

ஆபரேட்டர் உடனே போனை எடுத்தார்.

"அண்ணே, காலையில தண்ணி புடிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நில்லுங்க. மேடத்தோட லேபுக்கு நானும் கூட வர்றேன்."