ஓடுதளத்துக்காக ஓடாய்த் தேய்ந்த எங்கள் விசில் சாருக்கு

விடியற்காலைக் குளிரையும் வியர்வையால் விரட்டக் கற்பித்த வித்தகரே! மண்மேடாய்க் கிடந்ததை மைதானமென்று மனமார நம்பிய மாண்பாளரே! கழுத்திலே விசிலும், கண்ணிலே கண்டிப்பும், கைப்பையிலே கட்டுத்துணியும் மருந்துமாய் முப்பதாண்டுக் காலம் எங்களோடு வலம்வந்த உடற்கல்வி ஆசிரியப் பெருந்தகையே! இத்தனை அடைமொழியும் தங்களுக்கு ஆகாதென்று எங்களுக்குத் தெரியும். "சுருக்கமா முடிங்கப்பா, பசங்களுக்குப் பசிக்கும்" என்று தாங்கள் முணுமுணுப்பது மேடை தாண்டிக் கேட்கிறது. இன்று ஒருநாள் பொறுத்தருள்க!

எங்கள் பள்ளி சின்னஞ்சிறு பள்ளி. மழை பெய்தால் மைதானம் குளம், வெயிலடித்தால் புழுதிக்காடு. கோல் கம்பம் ஒருபக்கந்தான் உண்டு. மறுபக்கத்துக்கு இரண்டு செங்கல். அந்த மண்ணில் வழுக்காமலும் குழியில் கால் மடங்காமலும் பிள்ளைகள் சுற்றியோட ஓர் ஓடுதளம் அமைத்துவிட்டுத்தான் ஓய்வுபெறுவது என்பதே தங்கள் ஒற்றைத் தவம். தமக்கென்று ஒரு நாற்காலிகூடக் கேட்காத தாங்கள், அதை மட்டும் கேட்காத நாளில்லை.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், சென்ற ஆண்டு தாங்களே நிதி திரட்டக் கிளம்பினீர்கள். வேண்டுகோள் அறிக்கையை நான் எழுதித் தருகிறேன் என்று முன்வந்தார் நம் தமிழாசிரியர். "வேணாம்யா, உங்க தமிழைப் படிச்சா கைதட்டுவாங்க, காசு தர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் தாங்களே எழுதினீர்கள். அதைத்தான் இன்றளவும் அவர் சொல்லிக்காட்டுகிறார். ஏனென்றால், ஒட்டியிருக்க வேண்டிய சொல்லைத் தாங்கள் பிரித்துவிட்டீர்கள். 'எங்கள் பிள்ளைகளுக்கு ஓடு தளம் வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் அச்சாகி, கடைக்குக் கடை போய்விட்டது!

ஐயா, அந்த ஓர் இடைவெளி செய்த கூத்தை என்னவென்று சொல்வோம்! சில நாளில் பள்ளி வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. லாரி நிறையத் தரை ஓடுகள். குளியலறைச் சுவருக்கும் ஆகும் என்ற குறிப்போடு. ஓடு பதித்த தளம் கேட்கிறார்கள் என்று பாவம் அந்த ஓட்டுக்கடை முதலாளி எண்ணிவிட்டார். தாங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்ததும், ஆசிரியர் அறையே வயிறு வலிக்கச் சிரித்ததும் மறக்குமா? திருப்பியனுப்பப் பார்த்தீர்கள். "கொடுத்ததைத் திரும்ப வாங்குற வழக்கம் எங்க குடும்பத்துல இல்லை சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார் அவர். ஓடுகள் கருவிக் கொட்டகையோரம் அடுக்கப்பட்டன. தலைமையாசிரியை அம்மா மன்னிக்க வேண்டும், அவர் அறைக்குத் தளம் மாற்றலாமா என்ற பேச்சும் அடிபட்டது.

அப்போதுதான் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணொருத்தி, முந்தைய ஆண்டு வரை காற்றாய் ஓடி, திடீரென்று ஓட்டத்தை விட்டவள், அவ்வழியே வந்து நின்றாள். "சார், இது நாங்க டிரஸ் மாத்துற ரூமுக்கா?" என்று ஆசையாய்க் கேட்டாள். அப்படி ஓர் அறையே இல்லையே என்றீர்கள். "அதான் சார் நாங்க வர்றதில்லை. கொட்டகைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி மாத்துனா ரெண்டு பேர் கதவைப் பிடிச்சுக்கணும்" என்றாள் அவள்.

பாராட்டு மடலில் இதைச் சொல்லலாமா என்று தயங்கினோம். சொல்லத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவர் தாங்கள். பெரிய வகுப்புக்கு வந்ததும் பெண்பிள்ளைகள் வரிசையாய் விடுப்புக் கேட்பதும், "உடம்பு வளைய மாட்டேங்குது உங்களுக்கு" என்று தாங்கள் கடிந்துகொள்வதும் ஆண்டுதோறும் நடந்ததுதான். எங்களில் யாருக்கும் அது உறைக்கவில்லை. தங்களுக்கு அன்று உறைத்தது. மறுநாள் எங்களைக் கூட்டி, "ஓடுதளம் அப்புறம் போட்டுக்கலாம். முதல்ல ஓடுறவங்க வேணும்ல" என்றீர்கள். அத்தனை ஆண்டுக் கனவை அவ்வளவு சுருக்கமாய் ஒதுக்கிவைத்தவரை நாங்கள் பார்த்ததில்லை.

மற்ற கடைகள் தந்த பணம் கையிலிருக்கிறதே என்று உடைமாற்றும் அறையைக் கட்டத் தொடங்கிவிடவுமில்லை தாங்கள். கொடுத்தவர் ஒவ்வொருவர் வாசலிலும் மீண்டும் போய் நின்றீர்கள். "ஓட்டத்துக்குன்னு வாங்கினேன், கதவுக்குச் செலவு பண்ணப்போறேன், சம்மதமா?" என்று கேட்டீர்கள். துணிக்கடைக்காரர் முகத்தைச் சுளித்துத் தம் பங்கைத் திரும்பக் கேட்டார், மறுபேச்சின்றிக் கொடுத்தீர்கள். மருந்துக்கடை அம்மாவோ, "தாழ்ப்பாள் மட்டும் நல்ல கனமா போடுங்க சார்" என்று மேலும் கொடுத்தார். சுவர் எழுந்தது, தண்ணீர்க் குழாய் வந்தது, ஓடு பதிந்தது. ஊரெல்லாம் தேடியலைந்த ஓடுதளத்துக்கு மட்டும் ஒரு பிடி செம்மண்கூட மிஞ்சவில்லை.

ஆகவே, அஞ்சா நெஞ்சரே, ஆசைப்பட்டது கைகூடாமலேயே ஓய்வுபெறுகிறீர்கள். அதை மறைத்துப் புகழ எங்களுக்கு மனமில்லை. மைதானம் இன்றும் அதே மண்தான். எங்களுக்கு அது வருத்தமாகவே இருக்கிறது, சார்.

இனித் தங்கள் காலைகள் அவசரமின்றி விடியட்டும்! முழங்கால் வலி முகவரி மறந்து போகட்டும்! அம்மையாரோடும் மக்களோடும் பேரப்பிள்ளைகளோடும் நோய்நொடியின்றி, நூறாண்டும் அதற்கு மேலும், நடையாய் நடந்து நலமாய் வாழ்க!

வந்திருக்கும் பெரியோர், முன்வரிசை காலியாய்க் கிடப்பதைப் பார்த்து எங்களைத் தவறாக எண்ண வேண்டாம். அது நம் பெண்கள் தொடர் ஓட்ட அணிக்கான இடம். அந்த அணிக்கு இன்றுதான் முதல் பந்தயம். விழாவைத் தள்ளிவைக்கலாம் என்றோம். "எனக்கு மாலை போடுறதை வேடிக்கை பார்க்கவா அதுங்க பழகுச்சு? போய் ஓடட்டும்" என்று தாங்கள்தான் விரட்டிவிட்டீர்கள். கூடவே போகத் துடித்த தங்களைப் பணிநிறைவுக் கையெழுத்துகள் இங்கே கட்டிப்போட்டன. கணக்கு டீச்சர் அழைத்துப் போயிருக்கிறார். சற்றுமுன் அவர் பேசினார்: பிள்ளைகள் தயாராம், எல்லோரும் தங்களைத்தான் கேட்கிறார்களாம். இதோ தொலைபேசி. மடல் கிடக்கட்டும் சார், முதலில் பேசுங்கள்.

தங்கள் விசிலுக்குக் கட்டுப்பட்ட,
ஆசிரியர்கள், அலுவலர்கள்,
மற்றும் ஓடிக்கொண்டிருப்பதால் இங்கே ஒப்பமிட இயலாத மாணவியர்