புளியமரத்துக்கு இருபுறமும் எழுந்த கைகள்

கோமுகி முதலீட்டு நிர்வாக நிறுவனத்தின் தலைவியாய்த் தலைநிமிர்ந்து நின்றவரே! மிரட்டலுக்கு மசியாத, மாலைக்கு மயங்காத மாண்பே! கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்குபவரும் கீழே கரும்பு விளைப்பவரும் கண்மூடி நம்பிக் காசு கொடுத்த கோகிலவாணி அம்மையாரே! பணி நிறைவு பெறும் உங்களை, இந்த நிறுவனத்தின் சொந்தக்காரர்களாகிய ஊழியர்கள் வணங்குகிறோம்.

உங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால் பாதியிலேயே எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். ஆகவே இனிச் சபையைப் பார்த்துச் சொல்கிறோம். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

சபையோரே! இந்த நிறுவனம் எண்ணெய்க் கடை மாடியில் ஒற்றை அறையாக இருந்த காலத்தில் தட்டச்சராக வந்தவர் இவர். ஊராரின் சேமிப்பை வாங்கி, நல்ல கம்பெனிப் பங்குகளிலும் அரசாங்கக் கடன் பத்திரங்களிலும் போட்டுப் பெருக்கித் தருவது தொழில். ஒருநாள் முதலாளி கடையை மூடப் போவதாகச் சொன்னார். மற்றவர்கள் வேறு வேலைக்கு அலைய, இவர் மட்டும் நாமே வாங்கினால் என்ன என்று கேட்டார். சிரித்தார்கள். மறுவாரம் தன் வளையல்களை விற்று வந்து மேசையில் பணத்தை வைத்ததும் சிரிப்பு நின்றது. மற்றவர்களும் பணம் போட, நிறுவனம் ஊழியர்களுடையதாயிற்று; இவர் தலைவியானார். பிறகு சின்னசேலம், மலைமேல் வெள்ளிமலை என்று கிளைகள் வளர்ந்தன.

வேலை செய்பவருக்கு மட்டுமே பங்கு; ஓய்வு பெற்றால் பங்கைத் திருப்பித் தந்துவிட வேண்டும்; நேரில் வந்து கை தூக்கினால்தான் வாக்கு. வெளியாள் யாரும் வராதவர்களின் கையெழுத்துகளைச் சேர்த்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடக் கூடாதென்று இவரே எழுதிய விதிகள் இவை. அந்தக் கடைசி விதிதான் எண்பத்தேழில் எங்கள் கழுத்துக்கே சுருக்காக வந்தது.

சென்னையிலிருந்து ஒரு பெரிய கம்பெனி எங்களை மொத்தமாக விலைக்குக் கேட்டது. கள்ளக்குறிச்சித் தலைமை அலுவலகத்தில் பாதிப் பேருக்கு மேல் ஆசை. கணக்குப் பிரிவுத் தனசேகரன் அவர்களில் முக்கியமானவர். மூன்று பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பவேண்டிய மனிதர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. விற்பதா வேண்டாமா என்று வாக்கெடுக்கக் கூட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று. அந்த வாரம் பார்த்து இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் வெடித்தது. மரங்கள் சாய்ந்தன, பேருந்துகள் நின்றன. கிளை ஊழியர்கள் முந்தின நாளே சின்னசேலத்தில் கூடி, விடிந்ததும் சைக்கிளில் கிளம்பினார்கள். வழியில் விழுந்து கிடந்த புளியமரத்தருகே மறியல்காரர்கள் அவர்களை நிறுத்திவிட்டார்கள் என்று எங்களுக்குச் செய்தி வந்தது.

நேரமாகிறது, இருப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தனசேகரன். விதிப்படி அவர் சொன்னது சரி. வந்திருந்தவர்களை வைத்து எண்ணியிருந்தால் அன்று மதியமே நிறுவனம் கைமாறியிருக்கும். அம்மையார் குடையை எடுத்தார். நேரில் வரவேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது, எந்த இடம் என்று எழுதவில்லை. கூட்டத்தை இடம் மாற்றத் தலைவிக்கு உரிமையுண்டு என்று சொல்லிவிட்டுச் சின்னசேலம் சாலையில் நடந்தார். வேறு வழியில்லாமல் எல்லாரும் பின்னால் நடந்தோம். தனசேகரனின் செருப்பு பாதி வழியில் அறுந்தது.

மரத்தருகே இருந்தவர்கள் கோபமாகத்தான் எழுந்தார்கள். இவர் அசையாமல் நின்று சொன்னார்:

“நாங்க அந்தப் பக்கம் வரமாட்டோங்க. அவங்க இந்தப் பக்கம் வரவேணாம். மரத்துக்கு ரெண்டு பக்கமும் நின்னுக்கினு கை தூக்கிட்டுப் போயிடறோம். உங்க மறியலுக்கு ஒரு கொறையும் வராது.”

அவர்கள் தங்களுக்குள் பேசிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அப்போதுதான் அந்தக் கூட்டத்தில் எங்கள் சடையனைக் கண்டோம். சேமிப்பு வசூலிக்க ஊர் ஊராகப் போகிறவர். சொல்லாமல் கொள்ளாமல் மறியலுக்குப் போய்விட்டாரென்று எங்களில் பலர் கறுவிக்கொண்டிருந்தோம். அம்மையார் மட்டும் அவரும் பங்குதாரர்தானே என்று கூப்பிட்டு, விற்கலாமா கூடாதா என்று கேட்டார்.

“வேலையில எங்களுக்கும் ஒரு பங்கு குடுங்கன்னுதாம்மா ரோட்ல குந்திக்கினு கீறேன்,” என்றார் சடையன். “இருக்கிற பங்க எப்பிடி விப்பேன்?”

விற்கக் கூடாதென்று மரத்துக்கு அந்தப் பக்கம் எல்லாக் கைகளும் எழுந்தன. இந்தப் பக்கமும் சில கைகள், தயங்கித் தயங்கி எழுந்தன. நிறுவனம் விற்கப்படவில்லை. தோற்றவர்களில் ஒருவரைக்கூட இவர் வேலையை விட்டு நீக்கவில்லை. திரும்பும் வழியில் தனசேகரனுக்குத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். அவர் மறுத்துப் பார்த்தார். அம்மையாரிடம் மறுப்பு எடுபட்டதாகச் சரித்திரம் இல்லை.

இன்று காலை இவர் தன் பங்கையும் விதிப்படி ஒப்படைத்தார். கௌரவத்துக்கு ஒன்றாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினோம். விதி தனக்கும்தான் என்றார்.

அதே சென்னைக் கம்பெனியிலிருந்து பட்டுச் சால்வையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அம்மையார் போனபின் யாரிடம் பேசுவது என்று வாசலில் விசாரித்தீர்களாம். எங்கள் எவரிடம் வேண்டுமானாலும் பேசுங்கள். அதற்கு முன் இலையில் உட்காருங்கள். பாயசம் நிறைய இருக்கிறது. நிறுவனம் மட்டும் கிடைக்காது.

அம்மையாரே! நோய் அண்டாமல், நடை தளராமல், எங்களைத் திட்டும் குரல் சிறிதும் தேயாமல் நெடுங்காலம் வாழ்க! வாழ்வாங்கு வாழ்க!

கள்ளக்குறிச்சி, 1989

இங்ஙனம்,
அன்று விற்கக் கூடாதென்று கை தூக்கியவர்களும், விற்கலாமென்று கை தூக்கியவர்களும்,
இன்று ஒருவர் விடாமல்.