கோயில் வளைவுக்கு முப்பது அடி முன்னால்

பங்குனி வெயிலில் வெறுங்காலோடு நடக்கிறவன் தார் ரோட்டை நம்பக் கூடாது. ஓரத்து மண்ணில் நடந்தால் கால் கொப்பளிக்காது. இதுகூடத் தெரியாதவர்கள்தான் இப்போதெல்லாம் நேர்த்திக்கடன் என்று கிளம்புகிறார்கள். உங்களுக்கும் வயது குறைவு, இன்ஸ்பெக்டர் தம்பி. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

என் மகள் மணிமேகலை கொடுத்த புகாரில் ‘கவனக்குறைவு’ என்று ஒரு வார்த்தை வருகிறது. நீங்கள் படித்துக் காட்டியதில் அது ஒன்றுதான் என்னைச் சுட்டது. உடையப்பன் கவனமில்லாமல் ஒரு காரியம் செய்தான் என்று செம்பட்டியிலிருந்து திண்டுக்கல்வரை எவனும் சொன்னதில்லை.

என் மனைவி சிவனம்மாள் வாயாடியாக வந்தவள் இல்லை. மணிமேகலை போய் அந்தக் கிறிஸ்தவன் ஸ்டான்லியைக் கட்டிக்கொண்டு வேதக்காரியான பிறகுதான் வாய் நீண்டது. அவன் திண்டுக்கல்லில் கேக்குக் கடை வைத்திருக்கிறான். ஆம்பிளை, கேக்கின்மேல் கிரீமில் ரோஜாப்பூ போடுகிறான். மகள் என் வாசல்படி மிதிக்கக் கூடாது, இவளும் அங்கே போகக் கூடாது என்றேன். பேத்தி பிறந்தபோதும் அதையேதான் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டில் சத்தம். விடியுமுன் மல்லிகை பறித்து, வாதத்தில் கிடக்கும் என் அண்ணனைக் குளிப்பாட்டி, சமைத்துமுடிப்பதற்குள் அவளுக்குக் குரல் ஏறிவிடும். தட்டை வைக்கும்போது ஒன்று, எடுக்கும்போது ஒன்று.

வீட்டுக்குள் என்றால் பொறுத்திருப்பேன். தம்பி பேரனுடைய காதுகுத்தில், பந்தியில், அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நடுவில் சொன்னாள்: “ஏங்க, ஒங்க கவுரவத்தச் செத்த நேரம் அந்தப் பக்கம் நகத்தி வைங்க. எலை போட எடமில்ல.”

சம்பந்திமார் சிரித்தார்கள். சாம்பார் வாளியோடு நின்ற சமையல்காரனும் சிரித்தான்.

சர்க்கரை வியாதிக்காக அவளைக் காட்டும் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். மன அழுத்தம் என்றது அந்தப் பெண். எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு அப்படியொரு வியாதி வந்ததில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது. “அவங்க கத்தும்போது நீங்க பதிலுக்குக் கத்தாதீங்க ஐயா. அமைதியா இருங்க, அதுவே பாதி மருந்து” என்று எனக்குப் புத்தி வேறு சொன்னது. நான் அமைதியாகவே இருந்தேன். கடைசிவரைக்கும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. வேண்டுமானால் ஊரில் விசாரியுங்கள்.

எங்கள் ஊர் முருகன் கோயிலில் முதல் மரியாதை எங்கள் குடும்பத்துக்கு. பங்குனி உத்திரத்தன்று அலகு குத்துவார்கள். சிலர் வாய்ப்பூட்டுப் போடுவார்கள். இரண்டு உதட்டையும் சேர்த்துச் சின்ன வேல் ஒன்றைக் குத்திக்கொண்டு, பேசாமல், பச்சைத் தண்ணீர் குடிக்காமல், வாய்க்கால் கரையிலிருந்து கோயில்வரை நடப்பது. சந்நிதியில் பூசாரிதான் எடுக்க வேண்டும். சிவனம்மாளிடம் சொன்னேன்: “இந்த வருசம் நீ வாய்ப்பூட்டுப் போட்டுச் சந்நிதிவரைக்கும் வா. மக வீட்டுக்கு வரட்டும்.”

“நெசமாவா?”

“சாமி முன்னால சத்தியம்.”

அழுதாள். அன்றே மகளுக்குப் போன் போட்டுக் கோயில் வளைவுக்குப் பிள்ளையோடு வரச் சொல்லிவிட்டாள்.

சத்தியம் செய்தபோது ஒருநாளாவது வாய் மூடியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் யோசித்தேன். அவள் சந்நிதியைத் தொட்டால் வாக்குப்படி கேக்குக்காரன் என் வீட்டு நாற்காலியில் உட்காருவான். பாதியில் வாய்ப்பூட்டை எடுத்தால், உடையப்பன் பெண்டாட்டி நேர்த்திக்கடனை முறித்தாள் என்று ஊர் பேசும். இரண்டுமே ஆகாத காரியம். நியாயமாக யோசிக்கிற எவனுக்கும் இது புரியும்.

தினமும் காலையில் அவளுக்கு இன்சுலின் போடுவது நான்தான். அன்று விரதம். ஊசியை எடுத்ததும், “ஏங்க, வெறும் வயித்துலயா?” என்றாள்.

“டாக்டர் சொன்னத மாத்த நீ யாரு?”

கையை நீட்டினாள். அவளுக்குச் சண்டை போட அன்று மனமில்லை. மகள் வருகிறாள் அல்லவா.

உச்சி வெயிலில் தேங்காய்மண்டியைத் தாண்டும்போது அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. பிறகு கை நடுங்கியது, உடம்பு ஆடியது, கண் சொருகியது. சர்க்கரை இறங்கினால் அவளுக்கு அப்படித்தான். வீட்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு கற்கண்டு வாயில் போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அதற்காகவே எப்போதும் என் வேட்டி மடியில் கற்கண்டுப் பொட்டலம் இருக்கும். அன்றும் இருந்தது.

“முருகன் எறங்கிட்டான்டா! அடிங்கடா மேளத்த!” என்றான் ஒருவன். பெண்கள் அவள் காலில் குடம்குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். காதுகுத்தில் சிரித்தவர்களே விழுந்து கும்பிட்டார்கள். உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வளைவிலிருந்து மணிமேகலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். “அது சாமியில்ல! அம்மாவுக்கு லோ சுகர்! வாய்ப்பூட்ட எடுங்க, சர்க்கர குடுங்க!” தொண்டை கிழியக் கத்தினாள். தாயின் குரலேதான்.

கூடவே வந்த பூசாரி முனியப்பன் தயங்கினார். “பெரியவரே, பொண்ணு என்னமோ சொல்லுதே. எடுத்துருவமா?”

கூட்டம் என் முகத்தைப் பார்த்தது. மேளம்கூட நின்றுவிட்டது. நான் குரலை உயர்த்தவில்லை. “வேதக்காரி பேச்சக் கேட்டுச் சாமிய மறிக்கப் போறீகளா?” என்றேன்.

அவ்வளவுதான். மேளம் மறுபடி பிடித்தது. நாலு பெண்கள் மணிமேகலையைப் பிடித்துக்கொண்டார்கள். வளைவுக்கு முப்பது அடி இருந்தது. அங்கே விழுந்தவள் பிறகு எழவில்லை.

ஆகவே, தம்பி, கவனக்குறைவு என்பதை அடித்துவிடுங்கள். ஊசி தெரிந்து போட்டது. கற்கண்டு தெரிந்து கொடுக்காதது. பூசாரியைத் தடுத்ததும் தெரிந்துதான்.

இன்னொன்று. அவள் விழும்போது மகள் பக்கம் திரும்பவில்லை, என்னிடம்தான் வந்தாள். என் காலடியில் சரிந்து, இரண்டு கையாலும் என் வேட்டி மடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அப்போதுதான். அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.