கைரேகை அட்டைகள் அனுப்பப்படாதது பற்றி கெர்ஸ்டின் ஆஸ்ட்பி சொன்னது

என் பெயர் கெர்ஸ்டின் ஆஸ்ட்பி. வயது 29. கணவர் பெயர் டேரல் ஆஸ்ட்பி, வயது 33. மொண்டானா மாநிலம், ஹெல்ம்ஸ் கிராசிங், ஒன்பதாம் எண் சாலையில் குடியிருக்கிறோம். நான் வரலாற்றில் பட்டம் பெற்றவள். வேலைக்குப் போகவில்லை. எங்களுக்கு ரூத்தி என்ற பதினான்கு மாதப் பெண் குழந்தை இருக்கிறது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்றும், நான் சொல்வது எனக்கே எதிராகத் திரும்பலாம் என்றும் துணை ஷெரீஃப் கிரான்ஸ் முதலில் எடுத்துச் சொன்னார். வக்கீல் வேண்டாம் என்றேன். பதினோரு நாளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதை இன்று ஏப்ரல் 23 காலையில் சொல்கிறேன்.

என் கணவர் மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பசு அவரைக் கம்பி வேலியோடு சேர்த்து நசுக்கியதில் இடது தோள் உடைந்தது. அதிலிருந்து நீளமான ரைஃபிளை அவரால் தூக்கிப் பிடிக்க முடிவதில்லை. கன்று போடும் மாதங்களில் கன்றுகளைக் கடிக்க ஓநாய்நரிகள் வருவதால் ரைஃபிள் இல்லாமல் அந்த வேலைக்குப் போக முடியாது. ஆகவே தன்னிடம் உள்ள ரைஃபிளின் குழலை வீட்டிலேயே குட்டையாக்கிக்கொள்ள நினைத்தார். அதற்கு மத்திய அரசின் ஆயுதத் துறையில் விண்ணப்பம் போட்டு, அனுமதி வந்த பிறகுதான் குழலில் கைவைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு எழுத்துகள் வரிசை மாறித் தெரியும் என்பதால் எங்கள் வீட்டில் காகித வேலையெல்லாம் என்னுடையது. அதனால் என்னை அவர் "காலேஜ்" என்றுதான் கூப்பிடுவார்.

பிப்ரவரி 6ஆம் தேதி சமையலறை மேசையில் கம்ப்யூட்டரை வைத்து, கேள்விகளை நான் படிக்கப் படிக்க அவர் பதில் சொன்னார். "சட்டத்துக்குப் பயந்து தலைமறைவா இருக்கியா?" என்று படித்தேன். "உங்கம்மாவுக்குப் பயந்துதான்" என்றார். "ஒழுங்கா சொல்லு டேரல், இது அரசாங்கம்" என்றேன். "இல்லைன்னு போடு காலேஜ். உங்கம்மாகிட்ட மட்டும் கேட்டுடாதே" என்றார். புகைப்படத்துக்காகக் கதவில் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, கல்யாணத்துக்கு வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். விண்ணப்பத்தை அன்றே அனுப்பிவிட்டேன். ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போக வேண்டிய நகலையும் அனுப்பினேன்.

அதன் பின்பு 9ஆம் தேதி இந்த அலுவலகத்துக்கே வந்தோம். இங்கே கைரேகை எடுக்கும் மார்வா அம்மாள் என் கணவருடைய பத்து விரல்களையும் மையில் உருட்டி இரண்டு அட்டைகளில் பதித்துக் கொடுத்தார். திரும்பும் வழியில் டேரல் ரூத்தியின் கன்னத்தைத் தொட்டதில் ஒரு விரல் மை அப்படியே ஒட்டிக்கொண்டது. "பாரு, இவ என்னோடதுன்னு பதிவு பண்ணியாச்சு" என்றார். அட்டைகளைத் துறையிலிருந்து வந்த முகப்புக் கடிதத்தோடு உறையில் போட்டு, முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டினேன். பத்து வேலை நாளுக்குள் அவை போய்ச் சேர வேண்டும் என்று கடிதத்திலேயே இருந்தது. தபால் நிலையம் மதிய உணவுக்காக மூடியிருந்ததால் உறையைக் குழந்தையின் டயப்பர் பையில், பின்பக்கத் தடுப்பில் வைத்தேன். அன்று மாலையே ரூத்திக்குக் காய்ச்சல் வந்து, மூச்சிரைப்பு அதிகமாகி, ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தோம். அந்தப் பை எங்களோடுதான் இருந்தது. அதன் பின்பு உறையின் நினைவே எனக்கு வரவில்லை.

மார்ச் 10ஆம் தேதி, கைரேகை வந்து சேராததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று மின்னஞ்சல் வந்தது. பையைத் திறந்தேன். உறை இருந்தது. அதன் மேல் பால் கொட்டிக் காய்ந்திருந்தது. மறுபடி விண்ணப்பித்திருக்கலாம். அதற்குக் கைரேகை திரும்பப் பதிய வேண்டும், அதை அவரிடம் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் சர்ச் விருந்தில் பத்துப் பேர் முன்னால், "கல்யாணப் பதிவுல தன் பேரையே தப்பா எழுதின ஆளு, இவர்கிட்ட காகிதத்தைக் கொடுத்தா அவ்வளவுதான்" என்று நான் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதனால் சொல்லவில்லை.

அதன் பின்பு தினமும் வேலை விட்டு வந்ததும், "வந்துச்சா காலேஜ்?" என்று கேட்பார். மார்ச் 14ஆம் தேதி சாப்பிடும்போதும் கேட்டார். "வந்துடுச்சு" என்று சொன்னேன். கைரேகைக்கு ஏதாவது சாக்குச் சொல்லி, அந்த வாரத்திலேயே ரகசியமாக வேறு விண்ணப்பம் போட்டுவிடலாம், அதற்குள் அவர் தொடங்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் தட்டைக்கூட எடுத்து வைக்காமல் எழுந்து என் உச்சந்தலையில் முத்தம் கொடுத்துவிட்டு கராஜுக்குப் போனார். ரம்பச் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் ஓடிப்போய்த் தடுத்திருக்க முடியும். நான் வேக்யூம் கிளீனரைப் போட்டு, சுத்தமாக இருந்த கூடத்தைச் சுத்தம் செய்தேன்.

மறுநாள் அவர் ரைஃபிளை எடுத்துக்கொண்டு, பந்தய வெற்றிக் கோப்பைகளுக்குப் பெயர் வெட்டும் கடைக்குப் போய், குழலைக் குட்டையாக்கியவர் பெயரும் ஊரும் அதில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், டேரல் ஆஸ்ட்பி, ஹெல்ம்ஸ் கிராசிங், மொண்டானா என்று அதன் இரும்பில் வெட்டிக்கொண்டு வந்தார். "எழுத்தெல்லாம் சரியா இருக்கா, பாத்துச் சொல்லு" என்று என்னிடம் காட்டினார். சரியாக இருக்கிறது என்றேன். அனுமதி இல்லை என்று தெரிந்த ஒருவர் தன் பெயரை அப்படி வெட்டிக்கொள்வாரா என்பதை அதிகாரிகள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 12ஆம் தேதி ஊர்த் துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில் துணை ஷெரீஃப் கிரான்ஸ் அதைப் பார்த்து, "நல்லா பண்ணியிருக்கடா. அந்தக் காகிதத்தைக் காட்டு, பாத்துட்டுப் போறேன்" என்று கேட்டிருக்கிறார். "எங்க வீட்டு காலேஜ்கிட்ட இருக்கு" என்று டேரல் சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்தார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். இது நான் சொன்ன இரண்டாவது பொய். அதன் பின்பு ரைஃபிளைப் பறிமுதல் செய்தார்கள். துறையில் விசாரித்ததில் அனுமதியே இல்லை என்று தெரிந்து, வழக்கானால் பத்து வருடம் வரை சிறை என்று அவரிடம் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு, என் மனைவி காகிதத்தைப் பார்த்திருக்கிறாள் என்றே அவர் சொல்லி வந்தார்.

அதன் பின்பு அவர் பதினோரு நாள் வீட்டில் அந்தக் காகிதத்தைத் தேடினார். அலமாரிகளைக் காலி செய்தார், அடுப்பை நகர்த்தினார், குப்பைக் கிடங்குக்குப் போய் நின்றார். இல்லாத ஒன்றை நானும் கூடவே தேடினேன். நேற்று மாலை மாவு டப்பாவுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, முழங்கை வரை மாவோடு தரையில் உட்கார்ந்து, "நான்தான் எங்கயோ தூக்கிப் போட்டிருக்கேன். நீ பத்திரமா வச்சதை நான் தொலைச்சிட்டேன். மன்னிச்சிடு காலேஜ்" என்றார். அதனால்தான் வந்திருக்கிறேன்.

அந்த உறையை இப்போது ஒப்படைக்கிறேன். தபால்தலை ஒட்டியபடி இருக்கிறது. நான் சிறைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது என்று யோசித்தேன். அவர் பார்ப்பார். அவள் விழித்துக்கொண்டால் என்னைவிட அவரிடம்தான் சீக்கிரம் தூங்குவாள்.

இதற்கு நடுவில் மார்வா அம்மாளை அழைத்து என் கைரேகையையும் எடுத்தார்கள். பத்து விரலையும் பதித்து முடித்து, துடைக்கத் துணி கொடுத்தபோது அவர், "இதை நாங்களே அனுப்பிடுறோம்மா" என்றார். அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வாராம்.

என் கணவருக்கு இதில் எதுவும் தெரியாது. காகிதம் கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் நான் உள்ளே வந்திருக்கிறேன் என்று நம்பி, வெளியே வண்டியில் ரூத்தியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். இந்த வாக்குமூலத்தை அவருக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டாம். எங்கள் வீட்டில் படித்துச் சொல்வது என் வேலை. நகல் ஒன்று கொடுத்தால் வண்டிக்கு எடுத்துப் போய், ஒரு வரி விடாமல் நானே அவருக்குப் படிக்கிறேன்.

நான் செய்ததும், செய்யாமல் விட்டதும் இவ்வளவுதான். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. எழுதியதை வாங்கி இரண்டு முறை படித்துப் பார்த்தேன். தப்பு எதுவும் இல்லை.

(ஒப்பம்) கெர்ஸ்டின் ஆஸ்ட்பி
என் முன்னிலையில்: துணை ஷெரீஃப் எல். கிரான்ஸ்