மெஷினை முதலில் நிறுத்தியது யார்?

மேடையில் அமர்ந்திருக்கும் நம் சங்கத்தின் மூத்த தலைவர் அண்ணன் அவர்களே, நம்மை விட்டுப் போன அக்காவின் மகளே, மருமகனே, ஷிப்ட் முடிந்த கையோடு தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் வந்து உட்கார்ந்திருக்கும் என் சகோதரிகளே, தோழர்களே! இஸ்திரிப் பிரிவுக்காரி நான், துணியோடு பேசிப் பழகியவள். மைக் முன்னால் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் நம் அக்கா? சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜா பிரிவின் தொழிலாளி. நம் சங்கத்தின் துணைத் தலைவர். அதற்கெல்லாம் மேலாக, நம் கதையை நம் வாயாலேயே சொல்லவைத்தவர்! டேப் ரெக்கார்டரைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியதால் 'டேப் அக்கா' ஆனவர். பிற்பாடு கைபேசியில்தான் பதிவு செய்தார். ஆனாலும் டேப் அக்கா, டேப் அக்காதான்!

எப்படித் தொடங்கியது இந்த வேலை? சங்கத்தின் வெள்ளி விழாவுக்கு ஒரு வரலாற்று மலர் போட்டோம். அதில் கழிப்பறைப் போராட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தக் காலத்தில் நம் ஆலையில் பெண்கள் கழிப்பறையைப் பூட்டி, சாவியைச் சூப்பர்வைசர் இடுப்பில் வைத்திருப்பார். சாப்பாட்டு வேளையில் மட்டும்தான் திறப்பார். அதை எதிர்த்துத்தான் நம் முதல் வேலைநிறுத்தம். தலைவர் அண்ணன் வாசலில் முழங்கினார், உள்ளே இயந்திரங்கள் நின்றன என்றது மலர். பெண்களைப் பற்றி? ஒரே வரி. 'பெண்களும் திரளாகக் கலந்துகொண்டனர்.'

அக்கா அந்த வரியைச் சாப்பாட்டு அறையில் உரக்கப் படித்தார். "கலந்துகிட்டோமாம்ல! நம்ம வீட்டு விசேஷத்துக்கு நாமளே விருந்தாளியா? சரி, மெஷினை முதல்ல நிறுத்தினது யாருடி? சொல்லுங்க பார்ப்போம்!"

ஆளுக்கொரு பெயரைச் சொன்னோம். ஒருவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்தான், வேலையிலிருந்து நின்றுபோன பழைய தொழிலாளிகளை எல்லாம் தேடித் தேடிப் பேசவைத்தார். பலரும் கடைசியில் ஒருவரையே கைகாட்டினார்கள்: காலர் தைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவை.

அந்தக் காலர்க்காரம்மா சுலபத்தில் மசிந்தாரா? "அதெல்லாம் எதுக்கும்மா இப்போ? போலீஸ் ஸ்டேஷன்ல உட்கார வச்ச கதை மருமக காதுல விழணுமா?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அக்கா விட்டாரா? அடுத்த வாரம் டேப் பெட்டியில்லாமல் போனார். கூட உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். போராட்டத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. அப்படியே பல வாரம் போனது. ஒரு நாள் மதியம் அந்த அம்மாவே, "எங்கே உன் பெட்டி? அடுத்த வாட்டி கொண்டா" என்றார்.

அந்தப் பதிவை நான் கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் மறக்க முடியுமா?

"அப்போ எனக்கு ஏழு மாசம். அடக்க முடியல. சாவி கேட்டேன். 'வீட்டுலேயே கிடக்க வேண்டியதுதானே'ன்னான். சுவிட்சை அணைச்சேன். கோவத்துல இல்லம்மா, பயத்துல. தைக்கிற துணியை நனைச்சுடுவேனோன்னு பயம். எழுந்து நின்னேன். பக்கத்து மெஷின் நின்னுச்சு. அதுக்குப் பக்கத்து மெஷினும் நின்னுச்சு. சத்தம் அடங்க அடங்க எனக்கு அழுகை வந்துடுச்சு."

பின்னணியில் பாத்திரம் விழும் ஓசை. சமையலறையிலிருந்து மருமகள் ஓடிவருகிறாள். "அத்தே! இதை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல? தெரிஞ்சிருந்தா தெருவையே கூட்டிச் சொல்லியிருப்பேனே!"

எதற்கு மறைத்தாரோ அதற்கே அந்த வீட்டில் அவருக்குக் கூடுதல் மரியாதை கிடைத்தது!

அடுத்து என்ன? பதிவை வெளியிட்டால் தலைவர் மனம் புண்படும் என்று செயற்குழு தயங்கியது. அக்கா நேரே தலைவர் வீட்டுக்குப் போனார். "அண்ணே, ஊர் கேட்கறதுக்கு முன்னாடி நீங்க கேளுங்க" என்று ஓடவிட்டார். அண்ணன் கடைசிவரை கேட்டார். அடுத்த பொதுக்குழுவில் எழுந்து நின்று, "நான் வாசலுக்கு வந்தப்பவே உள்ள மெஷினெல்லாம் நின்னுபோச்சு. கை தட்டுற சத்தம் காதுக்கு இனிச்சுது, நிறுத்தினது நான் இல்லன்னு சொல்ல வாய் வரல" என்றார். அண்ணே, ஏன் தலை குனிகிறீர்கள்? நாங்கள் உங்களை நிமிர்ந்து பார்த்த நாள் அது!

அந்தக் குரல் இன்று எங்கெல்லாம் போயிருக்கிறது! சென்ற ஆண்டு பக்கத்துப் புது ஆலையில் அதே பூட்டைப் போட்டார்கள். அங்கிருக்கும் நம் பிள்ளைகள் இந்தப் பதிவைக் கேட்டு வளர்ந்தவர்கள். என்ன செய்வதென்று யாரையும் கேட்கவில்லை. ஒருத்தி எழுந்தாள், எல்லோரும் எழுந்தார்கள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பூட்டைக் கழற்ற வைத்தார்கள்!

ஒரு வேலை மட்டும் அக்காவுக்கு மிச்சமிருந்தது. அந்த முதல் வேலைநிறுத்தத்தின்போது நம்மை மீறி உள்ளே போய் வேலை பார்த்த ஒரு பெண்மணியை உங்களுக்குத் தெரியும். இன்றுவரை அவருக்குக் 'கருங்காலி' என்றுதான் பெயர். அவரையும் பேசவைக்க வேண்டும் என்றார் அக்கா. செயற்குழு கொதித்தது. "துரோகி கதை நமக்கெதுக்கு?" அக்கா அசைந்தாரா? "அவ ஏன் உள்ள போனான்னு கேட்டாதானே, அடுத்த வாட்டி இன்னொருத்தி போகாம பார்த்துக்க முடியும்? அவளும் நம்ம தொழிலாளிதான்யா!"

எத்தனையோ தடவை போனார். கதவு திறக்கவில்லை.

சென்ற வாரம் மருத்துவமனையில் நான் அக்கா பக்கத்தில் இருந்தேன். அந்தப் பெண்மணி வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். "சொல்றேன்டி. எல்லாத்தையும் சொல்றேன். எந்திரிச்சு வா" என்றார். அக்காவால் பேச முடியவில்லை. விரலைத் தூக்கி என்னைக் காட்டினார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவளா? இவ குறுக்க குறுக்க பேசுவாளே!" என்றார். அக்கா சிரித்தார். நான் பார்த்த அவருடைய கடைசிச் சிரிப்பு அது.

தோழர்களே! இந்தச் சபை அறியச் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்மணி வீட்டுக் கதவைத் தட்டுவேன். ஒரு கேள்வி கேட்பேன். பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்பேன். அவருக்குப் பின் அடுத்தவர், அடுத்தவருக்குப் பின் இன்னொருவர். அக்காவின் வேலை ஒரு நாளும் நிற்காது!

அந்தப் பெண்மணி இப்போது இங்கேதான் இருக்கிறார். உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசல் தூணை ஒட்டி நிற்கிறார்.

முன்வரிசைத் தோழர்களே, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். அம்மா, உள்ளே வாங்க.